கிராம்பெண்ணெய்த் தாள்

மீன் கெடாமலிருக்கக் கிராம்பெண்ணெய் தடவிய தாள் வாங்கியிருந்தார் தூத்துக்குடி மீன் கம்பெனி முதலாளி கோமதிநாயகம். நாறத் தொடங்கிய சீலா மீனையும் அதிலேயே சுற்றச் சொன்னார்.

"நல்ல மீனைத்தான் இது காப்பாத்தும், மொதலாளி," என்றாள் பொட்டலம் கட்டும் ஜெபமாலை.

"சொன்னதைச் சுத்து. சரக்கு திரும்பி வந்தா உனக்கு வேலை கிடையாது."

சுற்றினாள். சரக்கு எடுக்க வியாபாரி வந்ததும் முதலாளி, "ஒரு வாரம் ஆனாலும் இப்பப் பிடிச்ச மாதிரியே இருக்கும்," என்றார்.

ஜெபமாலை அந்தச் சீலாப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்து முதலாளியிடம் நீட்டினாள். "இது உங்க வீட்டுக்கு, மொதலாளி. மத்தியானம் குழம்பு வைக்கச் சொல்லுங்க."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நான் சைவம்."

"ஒரு வாரம் இருக்குமே! நாளைக்குச் சாப்பிடுங்க."

"நாளைக்குச் சனிக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னிக்குக் கிருத்திகை."

"எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான். இங்க குடும்மா," என்று வியாபாரி வாங்கிப் பிரித்தார். முதலாளிதான் முதலில் மூக்கைப் பொத்தினார்.

"இனிமே இந்தம்மா பார்த்துக் கட்டின சரக்கைத்தான் எடுப்பேன்," என்றார் வியாபாரி.