செண்பகவல்லியின் கன்னம்

மன்னார்குடியில் பௌசியாவிடம் போட்டோஷாப் கற்றுக்கொண்டவர்களில் தமயந்தி ஒருத்திதான் அவளைவிட மூத்தவள். இருபது வயதாவது கூட இருக்கும். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள். எதையும் இரண்டு தடவை கேட்பாள்.

அன்று அவளுக்கு முதல் முழு வேலை கிடைத்தது. நாகஸ்வரம் வாசிக்கும் செண்பகவல்லியின் ஆல்பத்துக்கு அட்டைப்படம். மாலையில் பாட்டுகள் இணையத்தில் ஏறவேண்டும்.

செண்பகவல்லி இதுவரை அண்ணனோடு ஜோடியாக வாசித்து வந்தவள். கேட்டவர்கள் அண்ணனைத்தான் பாராட்டுவார்கள். தங்கச்சி சும்மா துணைக்கு நிற்கிறது என்பார்கள். இந்த ஆல்பத்தில்தான் அவள் தனியாக வாசித்திருந்தாள். படத்தைக் கொடுக்க அவளே மாடியிலிருந்த பௌசியாவின் கடைக்கு வந்திருந்தாள்.

"நேத்து அண்ணன் போன் பண்ணுச்சு. அட்டையில என் படத்தையும் போட்டுக்க, அப்பதான் கேப்பாங்கன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் பௌசியா.

"வாசிச்சது நான், படமும் நான்தான்னுட்டேன்."

படத்தைக் கொடுக்கும்போது மட்டும் தயங்கினாள். கோயில் மண்டபத்தில் வாசிக்கும்போது எடுத்தது. கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, முகமெல்லாம் வியர்வை.

"கன்னத்தைக் கொஞ்சம் குறைச்சிடுங்க. 'அத்தை, வாயில என்ன ரெண்டு போண்டாவா'ன்னு மருமக கேக்குறா."

சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினாள்.

"டீச்சர், எது வரைக்கும் திருத்தலாம்?" என்றாள் தமயந்தி.

"உங்களுக்குப் போதும்னு தோணுற வரைக்கும்."

"தப்பாப் போச்சுன்னா?"

"பழைய படம் அடியில அப்படியேதான் இருக்கு. பயப்படாம செய்யுங்க."

"எனக்கு எப்பப் போதும்னு தோணும் டீச்சர்?"

பௌசியா பக்கத்துக் கணினியில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் தேடிக்கொண்டிருந்தாள்.

தமயந்தி மவுஸால் கன்னத்தை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினாள். கன்னம் அடங்கியதும் கழுத்து நரம்பு உறுத்தியது. அதை அழித்தாள். பிறகு நெற்றிச் சுருக்கம். பிறகு வியர்வை. நெரித்திருந்த புருவத்தையும் நீவிவிட்டாள்.

செண்பகவல்லி திரும்பி வந்து பார்த்தாள்.

"அடியாத்தி, இது நானா? இந்த முகத்தோட பொறந்திருந்தா எங்கப்பா என்னை சினிமாவுக்கு அனுப்பியிருப்பாரே!"

தமயந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அனுப்பிடலாமா டீச்சர்?"

"பாட்டையும் போடுங்கக்கா. ரெண்டையும் சேர்த்துப் பார்த்துடுவோம்" என்றாள் பௌசியா.

திரை முழுக்கப் படம் நின்றது. நாகஸ்வரம் தொடங்கியது. கீழிருந்து நிதானமாக ஏறி, உச்சியில் ஒரே சுரத்தில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எங்கே மூச்சு எடுத்தாள் என்று தெரியவில்லை.

நாற்காலியில் இருந்த செண்பகவல்லியின் விரல்கள் மடிமேல் அசைந்தன. அவளுக்கே தெரியாமல் கன்னம் இரண்டும் உப்பின.

தமயந்தி அந்த முகத்தைப் பார்த்தாள். திரையில் இருந்த முகத்தையும் பார்த்தாள்.

சுரம் இறங்கியது. செண்பகவல்லி நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"இதைப் பார்த்தா, ஊதுனது அண்ணன்தான்னு சொல்லிடுவாங்க."

தமயந்தி பதறிப் போனாள்.

"ஐயோ, கன்னத்துல நான் ஒண்ணையும் எடுக்கலைங்க. சும்மா உள்ளேதான் தள்ளினேன். நீங்களாவது சொல்லுங்க டீச்சர்."

பௌசியா பாட்டை நிறுத்தவில்லை.

"அதுக்குள்ள இருந்த காத்தை எங்கக்கா வச்சீங்க?"