கீரி தின்ற நகம்

காட்டின் நடுவே ஓர் ஆறு இருந்தது. கோடை வந்தால் அதில் வெறும் மணல்தான் மிஞ்சும். அந்த மணலில் ஊற்றுத் தோண்டுவது சுழியன் என்ற நாயின் வேலை. சுழியன் தோண்டினால்தான் காட்டுக்கே தண்ணீர். மானும் முயலும் மயிலும் ஊற்றைச் சுற்றி நின்று காத்திருக்கும். முதல் வாய்த் தண்ணீர் மட்டும் எப்போதும் சுழியனுக்கு. அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

சுழியனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. தோண்டுவான், ஓடுவான், குதிப்பான், மறுபடியும் தோண்டுவான். வேலை முடிந்ததும் ஈரம் சொட்டும் காலோடு ஊற்றுக்குப் பக்கத்தில் உள்ள பாறைமேல் ஏறுவான். நாலு காலாலும் சர் சர்ரென்று பாறையைக் கீறுவான். 'இது என் ஊற்று' என்று ஊருக்குச் சொல்வதாக அவனுக்கு நினைப்பு.

ஒரு நாள் காலையில் பார்த்தான். முன்னங்காலில் ஒரு நகம் ஒடிந்திருந்தது. சில நாளில் இன்னொன்று நெடுக்காகப் பிளந்தது. அப்புறம் மற்றொன்றின் முனை பொடிப்பொடியாக உதிர்ந்தது. சுழியன் காலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகம் போனால் ஊற்றுத் தோண்ட முடியாது. தோண்ட முடியாத நாய்க்கு முதல் வாய்த் தண்ணீர் எதற்கு?

'நகம் தானாக உடையுமா? யாரோ உடைக்கிறார்கள். நான் தூங்கும்போது வந்து கடிக்கிறார்கள்!' என்று முடிவு கட்டினான்.

சந்தேகம் புகுந்த பிறகு கண்ணில் படுவதெல்லாம் சாட்சிதான். முயல் ஒரு வேரைக் கறுக் கறுக்கென்று கடித்தது. 'பல்லைக் கூராக்குகிறான்' என்று நினைத்தான். மான்குட்டி அவன் காலைப் பார்த்தது. 'எண்ணிப் பார்க்கிறது' என்று நினைத்தான். மயில் அகவியது. 'யாருக்கோ தகவல் போகிறது!' பாவம், அந்த மயிலுக்குத் தாகம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் மூடித் தூங்கினான். பாறையைக் கீறுவதும் இரண்டு மடங்கானது. எவனும் எல்லையைத் தாண்டக் கூடாது பாருங்கள்! நகமோ முன்னைவிட வேகமாக உடைந்தது.

ஊற்றில் வழிந்த தண்ணீர் தேங்கிய குழியில் ஓர் ஆமை இருந்தது. அங்கே நடப்பது எல்லாம் அதற்குத் தெரியும். சுழியன் அதனிடம் போனான்.

"ஆமையக்கா, நீ இங்கேயேதான் கெடக்க. என் நகம் எதனால போகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

ஆமையின் வாய் நிறையப் பாசி. மென்றுகொண்டே பதில் சொன்னது. பாசிக்கு நடுவிலிருந்து "எல்லாம் கீரி... கீரிதான்..." என்று சுழியனுக்குக் கேட்டது. பாசியை விழுங்கிவிட்டு ஆமை மேலே பேச வாயைத் திறந்தபோது சுழியன் அங்கே இல்லை.

கீரியின் வளை சுழியன் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கரைமேட்டில், கல்லும் சரளையுமாக இறுகிப் போன மண்ணில் இருந்தது. கீரி வாசலில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன சுழியண்ணே, நொண்டிக்கிட்டு வர்றீங்க?"

"நான் நொண்டுறது உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு இருக்கே, அண்ணே."

"அப்போ என் காலையேதான் கவனிச்சுக்கிட்டு இருக்க!"

கீரிக்குச் சிரிப்பு வந்தது. சுழியனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டது. "உங்க காலாலதானே எல்லாரும் தண்ணி குடிக்கிறோம். கவனிக்காம இருக்க முடியுமா? நகம் ரொம்ப உடைஞ்சிருக்கு. கொஞ்ச நாள் நான் ஊற்றைத் தோண்டுறேன். நீங்க ஈரம் படாம காலைக் காய வைங்க."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை அது. ஆனால் கேட்ட காது சுழியனுடையது அல்லவா?

"அப்படிச் சொல்லு! என் நகத்தைத் தின்னுட்டு என் வேலைக்கு வர்றியா?"

"நகத்தை யாராவது தின்பாங்களா, அண்ணே?"

"தின்னலைன்னா உள்ளே ஒளிச்சு வெச்சிருக்க!"

சொன்ன கையோடு வளைக்குள் காலை விட்டுத் தோண்ட ஆரம்பித்தான். சரளை தெறித்தது. கல்லில் கால் மோதியது. ஆத்திரத்தில் வலி எங்கே தெரியப்போகிறது? குரைப்புச் சத்தம் கேட்டு மானும் முயலும் மயிலும் ஓடி வந்தன. கடைசியில் சுழியன் புழுதிக்குள்ளிருந்து எதையோ கவ்வி எடுத்து எல்லார் முன்னாலும் போட்டான். ஒரு நகம்!

"பாருங்க! இவன் வளைக்குள்ள என் நகம்!"

"அண்ணே, முதல்ல உங்க காலைப் பாருங்க, ரத்தம் வருது" என்றது கீரி.

"பேச்சை மாத்தாதே!"

நகம் சுழியனுடையதுதான். அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அது எப்போது உடைந்தது என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மயில் ஒதுங்கி நின்றது. கீரி இடிந்து கிடந்த தன் வளையை ஒரு தரம் பார்த்தது. பிறகு ஆற்றைக் கடந்து அக்கரைப் புதருக்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஊற்றுக்குள் மணல் சரிந்திருந்தது. சுழியன் மிடுக்காகப் போய்க் காலை வைத்தான். வீலென்று கத்திவிட்டான். முன்னங்கால் நகமெல்லாம் சதையோடு ஒட்ட உடைந்திருந்தது. மான் குளம்பால் உதைத்துப் பார்த்தது. முயல் குழி பறித்துப் பார்த்தது. மயில் கிளறியது. பறிக்கப் பறிக்க மணல் உள்ளே சரிந்ததே தவிர ஈரம்கூடத் தெரியவில்லை. பொழுது சாயும்போது மான்குட்டி நாக்கு வறண்டு சுருண்டு படுத்துவிட்டது.

"தண்ணியை நீ மட்டும் வேற எங்கேயாவது குடிக்கிறியா, சுழியா? அதான் தோண்ட மாட்டேங்குறியா?" என்று கேட்டது முயல்.

சுழியனுக்குச் சுருக்கென்றது. செய்யாத குற்றத்துக்குப் பதில் சொல்வது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவன் நொண்டிக்கொண்டே ஆமையிடம் போனான். குழி வற்றி, ஆமை காய்ந்த சேற்றில் கிடந்தது. வாயில் பாசி இல்லை.

"அக்கா, நீ சொன்னபடி கீரியைத் துரத்திட்டேன். அப்பவும் என் நகம் போச்சே!"

"கீரியா? நான் எப்போடா கீரியைச் சொன்னேன்?"

"நீதானே சொன்ன, 'எல்லாம் கீரிதான்'னு!"

"அட கூறு கெட்டவனே! 'எல்லாம் கீறி கீறித்தான்'னு சொன்னேன். கீறுறது! பெரிய ற! தண்ணியில ஊறின நகத்தோட போய்ப் பாறையைக் கீறினா நகம் பிளக்காம என்ன செய்யும்? அதைச் சொல்ல வர்றதுக்குள்ள ஓடிட்டியே!"

சுழியன் பாறையைப் பார்த்தான். அதன் வெடிப்புகளில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டே போய் மோந்தான். எல்லாம் அவனுடைய நகத் துணுக்குகள். எத்தனை மாலை அந்த இடத்தில் நின்று கீறியிருப்பான்! ஒரு தரமாவது குனிந்து பார்த்தானா? அவன் காது தொங்கிப் போயிற்று.

அப்படியே ஆற்றைக் கடந்தான். அக்கரைப் புதருக்கு முன்னால் தலையைத் தரையில் வைத்துப் படுத்தான்.

"தப்புப் பண்ணிட்டேன், கீரி. என் நகத்தை நானேதான் உடைச்சுக்கிட்டேன். எனக்காக வர வேண்டாம். மான்குட்டி கெடக்கிற கெடப்பைப் பார்க்க முடியலை."

கீரி புதரிலிருந்து தலையை நீட்டி அவன் காலைப் பார்த்தது. பிறகு வெளியே வந்து, அவனைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தது.

இருட்டுவதற்குள் ஊற்றில் தண்ணீர் சுரந்துவிட்டது. மான்குட்டி குடித்து எழுந்து நின்றது. முயல் தலை குனிந்தபடி கீரிக்கு அடுத்த வாயை விட்டுக் கொடுத்தது. கீரி குடித்தது. சுழியன் கடைசியில் குடித்தான். அன்றுபோல் தண்ணீர் அவனுக்கு என்றும் இனித்ததில்லை.

அதன்பின் சுழியன் பாறைப் பக்கம் போகவில்லை. வறண்ட மெத்தென்ற மணலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். சும்மா கிடப்பது அந்த நாய்க்கு எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத்தான் தெரியும். மெல்ல மெல்ல நகம் உறுதியாக வளர்ந்தது.

"உன் வளையை மெதுவா நானே சரி பண்ணித் தர்றேன். பழையபடி இங்கேயே வந்து இருந்துக்கோ" என்றான் ஒரு நாள்.

"தண்ணிக்கு வர்றேன், அண்ணே. தோண்டவும் வர்றேன்" என்றது கீரி. "ஆனா உங்க பக்கத்துல படுத்தா எனக்கு இனிமே தூக்கம் வராது."

நகம் திரும்ப வளர்ந்தது, பக்கத்து வளை மட்டும் காலியாகவே கிடந்தது.

காதில் பாதி விழுந்ததை வைத்து அடுத்தவர்மேல் பழி போடுகிறவன், அவர் வளையைத் தோண்டித் தன் நகத்தைத்தான் உடைத்துக்கொள்கிறான்.