ஆணி அடித்த ஜன்னல்

“அம்மா, இந்தக் குளியலறைச் சுவரோடு இனி என்னால் மல்லுக்கட்ட முடியாது. தேய்க்கத் தேய்க்கக் கரும்பூஞ்சை படர்கிறது” என்றார் மாசிலாமணி.

கோத்தகிரியில் சௌந்தரவல்லி அம்மையாரின் வீட்டில் தங்கியிருந்த சீடர் அவர். வயதில் குருவுக்கே மூத்தவர்.

“அந்தச் சுவரை ஒட்டிய அறையில்தான் நமக்குச் சமைத்துப்போடும் பூவாயி அம்மாள் படுக்கிறார். ஈரத்தில் இருமி இருமித் துவண்டுவிட்டார். இப்படியே போனால் அவரை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான்.”

அம்மையார் எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடி மங்கியிருந்தது. கூரை சொட்டியது. கொடியில் ஈரத்துணிகள்.

“ஜன்னல்?”

“நான்தான் ஆணி அடித்தேன் அம்மா. வெந்நீர் ஊற்றிய உடம்பில் பனிக்காற்று குத்துகிறது. அப்புறம் தியானத்தில் மனம் நிற்பதில்லை.”

“சரி ஐயா” என்றார்.

மாசிலாமணி பிளீச்சிங் பவுடரும் பிரஷ்ஷுமாக மறுபடி உள்ளே போனார்.

சில நாட்களில் பூவாயியின் முகம் தெளிந்தது. ஆனால் அந்த ஈரச்சுவர் அறையிலிருந்து வந்த இருமல் மட்டும் நிற்கவில்லை.

ஒரு காலை மாசிலாமணி அந்தக் கதவைத் தட்டினார். “பூவாயி அம்மா, கஷாயம் வைக்கட்டுமா?”

கதவைத் திறந்தவர் அம்மையார். கண்கள் சிவந்திருந்தன. பேச வாயெடுத்தவரை இருமல் மடக்கியது.

“நீங்களா! இங்கே எதற்கு அம்மா?”

“பூவாயிக்கு என் அறையைக் கொடுத்துவிட்டேன். சுவரை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். இருமலை நான் வாங்கிக்கொண்டேன்.”

குரலில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் மாசிலாமணியைச் சுட்டது.

நேரே போய்க் குறடு எடுத்துவந்து ஆணிகளைப் பிடுங்கினார். துணிகளை வெயிலில் போட்டார். அன்றுமுதல் யார் குளித்து வந்தாலும், வீட்டுப்பக்கக் கதவைச் சாத்தி, ஜன்னலை அகலத் திறந்து, பழைய வேட்டியால் சுவரை ஒற்றி எடுப்பதை அவரே செய்தார்.

“அறை மாறிவிடுங்கள் அம்மா” என்று கெஞ்சினார்.

“முதலில் சுவர் காயட்டும்.”

மெல்ல மெல்லச் சுவர் காய்ந்தது.

ஒருநாள் விடிந்ததும் மாசிலாமணி குளித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக ஆவி குபுகுபுவென வெளியேற, மலைக்காற்று நேராக அவர் முதுகில் இறங்கியது.

சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து அம்மையாரின் குரல் கேட்டது. “குளிர்கிறதா ஐயா?”

“நடுங்குகிறது அம்மா.”

“எனக்கு மூச்சு வருகிறது.”