உள்பக்கம் கறுப்புத் துணி

பிரெஞ்சு தேசத்தில் இசபோ சீமாட்டிக்கு மூன்று முறை கல்யாணம் நடந்தது. மூன்று முறையும் வருஷம் திரும்புமுன் விதவையானாள். மாப்பிள்ளை பார்த்ததும் அந்தச் சீமையை ஆண்ட பெரிய பிரபுதான், அந்த மாப்பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியதும் அவர்தான்.

நாலாவதாகக் கோத்தியே என்ற வீரனை நிச்சயம் செய்தார். "மூன்றே நாளில் மணவுடை வேண்டும், இல்லையென்றால் உன் விரல்கள் இருக்காது" என்று தையல்காரி பெரோனெலிடம் உறுமினார். பக்கத்தில் சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐயோ பாவம், இந்தத் தடவை இவளைக் காப்பாற்றியே தீருவது என்று பெரோனெல் முடிவு கட்டினாள்.

மூன்றாம் நாள் சபை நடுவே சிவப்பு மணவுடையை விரித்தாள். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு.

"என்னடி இது?"

"ஒவ்வொரு தடவையும் மணவுடை தைத்த ஊசியைக் கீழே வைக்குமுன் துக்க உடைக்கு ஆள் வந்துவிடுகிறது, பிரபுவே. இதைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போதும்."

சபை கொல்லென்று சிரித்தது. பிரபுவின் முகத்தில் ஈயாடவில்லை. கறுப்பையே பார்த்திருந்த கோத்தியே குதிரையேறிப் போனவன்தான், திரும்பவே இல்லை.

பெரோனெல் பெருமையோடு அறைக்குள் வந்தாள். சீமாட்டி அந்தச் சிவப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்றைக்கு அழுதீர்களே, அம்மா!"

"சந்தோஷத்தில் அழுதேன். நாலு பேரில் இவரை மட்டும்தான் நானாகக் கேட்டேன்" என்ற சீமாட்டி, உடையைத் திருப்பிக் கறுப்பு வெளியே தெரிய உடுத்திக்கொண்டாள்.