வாளியில் மஞ்சள்

சபாநாதன் காய்ச்சிய பியர் மூன்றாம் முறையும் புளித்து வினாகிரியாய்ப் போனது. பொறுமை என்பது அந்த மனிசனிடம் மருந்துக்கும் இல்லை. பியர் நொதிக்க வைக்கிற பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு, கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அருள்சீலியின் கராஜுக்கு வந்துவிட்டார்.

அருள்சீலி அவரைவிட எவ்வளவோ இளையவள். அவருக்குப் பியர் காய்ச்சப் பழக்கியவள் அவள்தான். அதனால் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அதிகம் கதைக்கமாட்டாள். கேட்டவுடன் மறுமொழி வரும் என்று அவளிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

"இந்தச் சனியன் பிடிச்ச வாளியை எறியப்போறன், டீச்சர். ஸ்டீல் டாங்க் ஒண்டு வாங்கட்டோ?"

"என்ன அவசரம், அண்ணை?"

"பொங்கலுக்கு ஆரணி வருவாள். அதுக்குள்ள நல்ல பியர் ஒண்டு காய்ச்சிப்போட வேணும்."

ஆரணி அவருடைய ஒரே மகள். புருசனை விட்டுப் பிரிந்து மொன்றியலில் தனியே இருக்கிறாள். போன பொங்கலுக்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பாவின் பியர் என்றால் அவளுக்கு நல்ல விருப்பம். அந்த வாளியைக்கூட அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

"இந்த முறையும் பிழைச்சால் அவள் இனி வரவேமாட்டாள். தாயும் இல்லை. எனக்கு வேற ஆர் இருக்கினம், சொல்லுங்கோ?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஆரணிதான். ஆசையில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா, பொங்கலுக்கு லீவு கிடைச்சிட்டுது. வாறன்."

"வா பிள்ளை, வா! வந்து இந்த முறையாவது சொல்லு, நீ விட்டிட்டு வந்த அந்தப் பொடியனில என்ன குறை கண்டனீ?"



"போன முறையும் இதைத்தான் கேட்டீங்கள், அப்பா. அதுக்கு முதலும் இதைத்தான் கேட்டீங்கள்."

"நீ மறுமொழி சொன்னால் நான் ஏன் திரும்பத் திரும்பக் கேக்கப்போறன்?"

"சரி அப்பா. வாறதைப் பாப்பம்." வைத்துவிட்டாள்.

"பாத்தீங்களோ? வாறன் எண்டவள் இப்ப பாப்பம் எண்டுறாள். அவளின்ர நல்லதுக்குத்தானே கேக்கிறன்!"

அருள்சீலி வாளியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வாளியை எப்பிடிக் கழுவுறனீங்கள்?"

"சட்டி தேய்க்கிற கம்பியாலதான். கை நோகுமட்டும் தேய்ப்பன். துளி ஊத்தை இருக்க விடமாட்டன்."

அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். மஞ்சள் தூளும் ஒரு பழைய துணியும் கொண்டுவந்தாள். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து வாளியின் உட்பக்கம் முழுக்கப் பூசினாள். பிறகு துணியால் மெதுவாகத் துடைத்தாள்.

மஞ்சள் போய்விட்டது. கீறல்களுக்குள் மட்டும் போகவில்லை. அடியிலிருந்து விளிம்பு வரைக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ண முடியாத மஞ்சள் கோடுகள் தெரிந்தன.

சபாநாதன் குனிந்து வாளிக்குள் பார்த்தார்.

"ஐயோ! இவ்வளவும் நான் கீறினதோ?"

"ஓம்."

"சுத்தமா இருக்க வேணுமெண்டுதானே தேய்ச்சனான்!"

"தெரியும் அண்ணை. நீங்கள் தேய்க்கத் தேய்க்க, ஊத்தைக்கு ஒளிக்க இடம் கிடைச்சுது. புளிப்பு அங்கயிருந்துதான் வருது."

"அப்ப ஸ்டீல் வாங்கினால் சரிதானே? அது தாங்குமே?"

"இதைவிடத் தாங்கும். வாங்குங்கோ. வாளி பழுதானால் வேற வாங்கலாம்."

அவர் கையில் இருந்த போனைப் பார்த்தார். திரும்பவும் வாளிக்குள் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிசனுக்கு. துணியை எடுத்து மஞ்சளைத் துடைக்கப் போனவர், பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"டீச்சர், அவள் வந்தால் நான் என்னத்தைத்தான் கேக்கிறது?"

"சாப்பிட்டியோ எண்டு கேளுங்கோ."