செங்கோடன் சுமந்துபோன அண்டா

கிட்ட வந்து உட்காருங்க. எனக்குத் தொண்டை கம்மல், சத்தம் போட்டுச் சொல்ல முடியாது.

கரட்டு அடிவாரத்தில் ஒரு கஞ்சி மடம். நடத்தினவர் பொன்னாத்தாம்மா. அங்கே வருகிறவர்களில் செங்கோடனும் ஒருத்தர். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பொன்னாத்தாம்மா அவரைவிடப் பத்து வயசு இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான் குரு.

அம்மா வாயிலிருந்து எது விழுந்தாலும் செங்கோடன் நோட்டில் எழுதிக்கொள்வார். "உப்பைக் கடைசியில போடுங்க" என்றால்கூட எழுதிவிட்டு, உள்ளர்த்தம் என்னவென்று ரெண்டு நாள் யோசிப்பார்.

ஒரு நாள் மத்தியானம் முகம் சிறுத்து வந்து நின்றார்.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அதையே பிடிச்சுக்கறேன்."

"எதுக்குங்க?"

"தம்பி மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். போறதா, வேண்டாமா?"

செங்கோடனும் தம்பி நாச்சிமுத்துவும் பேசிப் பதினோரு வருசம். கிணற்றுத் தண்ணீர் முறையில் வந்த சண்டை. யார் முறையை யார் தாண்டினார்கள் என்பது இப்போது ரெண்டு பேருக்குமே சரியாக ஞாபகமில்லை.

"பத்திரிகை வந்துச்சா?"

"தபால்ல வந்துச்சு. கூடப்பிறந்த மூத்தவனைத் தபால்லயா கூப்பிடறது? வெத்தலபாக்குத் தட்டோட என் வாசல்ல வந்து நிக்க வேண்டாமா?"

"நோட்டு என்ன சொல்லுது?"

எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"'மனசில்லாமப் போட்ட இலையில உட்காராதே'ன்னு பன்னெண்டாம் பக்கத்துல சொல்லியிருக்கீங்க. நாப்பதாம் பக்கத்துல, 'பந்தி நடுவுல ஒரு இடம் காலியா இருந்தா, அது உனக்குன்னு நெனை'ன்னு இருக்கு. எதைங்க எடுத்துக்கறது?"

"ரெண்டையும் நானா சொன்னேன்?"

"தேதி போட்டிருக்குங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னன்னிக்கு யாருக்கு என்ன நோவோ, அதுக்குச் சொல்லியிருப்பேன்."

"சிரிக்காதீங்கம்மா. அந்தப் புள்ள நடை பழகினது என் விரலைப் பிடிச்சு. நாளைக்கு அட்சதை போட நான் இல்லாமப் போனா..."



அம்மா எழுந்தார். மடத்தில் கஞ்சி காய்ச்ச இருக்கிற ஒரே பித்தளை அண்டா, தேய்த்து வெயிலில் கவிழ்த்துக் கிடந்தது. அதை நிமிர்த்தினார்.

"ஒரு பக்கம் பிடிங்க."

"எதுக்குங்க?"

"கல்யாண வீட்டுல கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க."

"நானா? நான் பெரியப்பன்மா! பாத்திரம் சுமந்துட்டுப் போய் நின்னா ஊர் சிரிக்காது?"

"பெரியப்பனுக்குத்தானே வெத்தலபாக்குத் தட்டு வேணும்? அண்டா தூக்கறவருக்கு எதுக்குங்க தட்டு?"

குரு சொல். மறுக்க முடியவில்லை. துண்டைச் சும்மாடு சுற்றி, அண்டாவை ஏற்றிக்கொண்டு நடந்தார்.

கல்யாண வீட்டுப் பந்தலில் சமையல்காரர்கள் ஏற்கெனவே பாத்திரம் இறக்கியிருந்தார்கள். பளபளவென்று ஆறு அண்டா, வரிசையாக.

வாசலிலேயே நின்றுவிட்டார் செங்கோடன்.

நாச்சிமுத்து பார்த்துவிட்டார்.

"என்னது அது?"

"அண்டா. மடத்துல கொடுத்துவிட்டாங்க."

"நாங்க கேக்கவே இல்லையே!"

திரும்பி நடக்கலாம் என்றால் செங்கோடனுக்குக் கால் வரவில்லை. கழுத்து விறைத்தது. ஒரு கையால் வளையத்தைப் பிடித்துச் சாய்த்தார்.

"இருங்கண்ணா! ஒத்தையில இறக்காதீங்க, கழுத்துப் போயிரும்!"

ஓடிவந்து அந்தப் பக்கத்து வளையத்தைப் பிடித்தார் நாச்சிமுத்து.

இறக்கியாயிற்று. ஆனாலும் ரெண்டு பேரும் வளையத்தை விடவில்லை.

"நேர்ல வந்தா நீங்க தொரத்திருவீங்களோன்னுதான் தபால்ல போட்டேன்."

"தொரத்தித்தான் இருப்பேன்."

"எனக்குத் தெரியுமில்ல!"

உள்ளேயிருந்து கல்யாணப் பெண், "பெரியப்பாவா அது?" என்று மஞ்சள் கையோடு ஓடிவந்தாள்.

அந்த நேரத்தில் மடத்தில் அறுபது பேர் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

பொன்னாத்தாம்மா ஒரு சின்னச் சட்டியில் நாலாவது தடவையாக உலை வைத்தார்.