எஸ்தாக்கிக்காக ஏற்றிய மூன்று கூடை

பித்தளைக் குடம் சுவரில் மோதி, படியில் உருண்டு, மணலில் அடங்கிய அந்தச் சத்தம் முப்பது வருஷம் கழித்தும் சந்தியாகுவின் காதில் இருக்கிறது.

அன்று காலை அவன் மனைவி எஸ்தாக்கியின் கலியாணப் பட்டுச்சேலையைக் கிழித்துப் படகுப் பாய்க்கு ஒட்டுப் போட்டிருந்தான். பாய் அழகாகத்தான் இருந்தது.

"அஞ்சரை பஸ்ஸுக்குள்ள 'தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்!" என்று கத்திக் குடத்தை வீசினாள் எஸ்தாக்கி.

குடத்துக்குப் பயந்து கடற்கரைக்கு ஓடியவன், மூன்று மணிக்கு மனம் தேறி, அந்த வார்த்தையைச் சொல்ல வீட்டுக்குக் கிளம்பினான். கயித்தான் மறித்தான். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு என்று விசாரித்து, அத்தனை மீன்கூடைகளை ஊர்க் கம்பத்தில் ஏற்றுவது கயித்தானின் வேலை. கூடை இறங்கும்வரை யாரும் படகை அவிழ்க்கக் கூடாது.

"மதினி கொந்தளிச்சுப் போயிருக்கான்னு தெருவே சொல்லுது. மூணு கூடை ஏத்திட்டேன்."

"நான் நடந்துதானே போறேன்?"

வலை பின்னும் தொம்மை நெடுநேரம் யோசித்தான். "படகுலயே போகக் கூடாதுன்னா, நடந்து எப்படிலே போவ?"

அதுவும் சரிதானே என்று சந்தியாகு மணலில் உட்கார்ந்தான். படகுகளைக் கட்டுவதுபோல அவனையும் தென்னையில் கட்டி, மடியில் நங்கூரத்தை வைத்தார்கள்.

"கதவு, சன்னல் எதையும் திறக்கப்படாது. உன் வாயும் அதுல சேர்த்திதான்" என்றான் கயித்தான்.

நாலரைக்குத் தொம்மை சந்தியாகுவின் வீடுவரை போய்ப் பார்த்துவந்தான். "சத்தமே இல்ல. தலை சீவிக்கிட்டிருக்கா."

"அதுதாம்லே புயலோட கண்ணு! நடுவுல அப்படித்தான் அடங்கிக் கெடக்கும். நம்பி வெளிய போனவன் செத்தான்" என்றான் கயித்தான்.

நாலாவது கூடையும் ஏறியது.

ஐந்து மணிக்கு எஸ்தாக்கியே வந்தாள். ஒரு கையில் பெட்டி. மறுகையில் தூக்குச்சட்டி நிறைய மீன்குழம்புச் சோறு.

"கரையைக் கடக்குது!" என்று கத்திக்கொண்டு கயித்தானும் தொம்மையும் கோயிலுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டார்கள்.

எஸ்தாக்கி கயிற்றைப் பார்த்தாள். நங்கூரத்தைப் பார்த்தாள். "காலையிலேருந்து பட்டினியாமே. சாப்பிடுங்க. அதுக்கு முன்னால ஏதாச்சும் சொல்லுதீங்களா?"

சந்தியாகுவின் கண்ணில் நீர் முட்டியது. அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடை இன்னும் இறங்கவில்லையே என்று உதட்டை இறுக்கிக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினான்.

அவள் சட்டியை வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

கூடைகள் இறங்கின. தொம்மை சந்தியாகுவின் வீட்டைச் சுற்றிப் பார்த்துவந்து, சேதம் ஒன்றுமில்லை என்றான். கயித்தான் அதை நம்பாமல் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினான்.

எஸ்தாக்கி தாய்வீட்டு ஊரிலேயே தையல் மிஷின் போட்டுத் தங்கிவிட்டாள். சந்தியாகுவுக்குப் புயல் நிவாரணமாகத் தார்ப்பாய் ஒன்று கிடைத்தது.